ஆய்விதழ் பதிப்பகம் மாறினால் என்ன ஆகும்?

ஜனவரி பிறந்ததும் நூலகத்தில் என் மேசைக்கு முன்னால் யாராவது ஒருவர் இப்படி வந்து நிற்பார். "சார், டிசம்பர் வரைக்கும் இந்த ஜர்னல் திறந்துச்சு. இப்ப பக்கமே இல்லைன்னு வருது." போன முறை வந்தவர் கணிதத்தில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்தார். வழிகாட்டி சொன்ன இணைய முகவரியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தார், ஒரு வரி முழுக்க நீளும் முகவரி. இதழே நின்றுபோய்விட்டதோ என்று அவருக்குப் பயம். இதழ் நிற்கவில்லை. பதிப்பகம் மாறியிருந்தது.

அவருக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. தெரியாமல் இருந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

முதலில் ஓர் ஆய்விதழ் எப்படி வெளிவருகிறது என்று பார்த்துவிடலாம். ஆய்வாளர் கட்டுரை எழுதி அனுப்புகிறார். இதழின் ஆசிரியர் குழு அதைப் படித்து, அதே துறையில் இருக்கும் வேறு இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறது. அவர்களைத்தான் மதிப்பீட்டாளர்கள், ரிவ்யூவர்கள் என்கிறோம். கட்டுரை எழுதியவருக்குச் சம்பளம் இல்லை, மதிப்பீட்டாளருக்கும் பெரும்பாலும் இல்லை. ஆசிரியர்களில் பலர் பல்கலைக்கழக வேலைக்கு நடுவே இதையும் பார்ப்பவர்கள். பதிப்பகம் என்ன செய்கிறது? கட்டுரைகளைப் பெற்றுக்கொள்ளும் மென்பொருளை நடத்துகிறது, மொழியைச் செப்பனிடுகிறது, பக்கம் வடிவமைக்கிறது, இணையத்தில் ஏற்றுகிறது, சந்தா வசூலிக்கிறது, பழைய இதழ்கள் அழியாமல் பார்த்துக்கொள்கிறது. இவையும் உண்மையான வேலைகள்தான், செலவு பிடிக்கும் வேலைகள்.

இவர்கள் எல்லோரையும் தாண்டி இன்னொருவர் இருக்கிறார். அவர்தான் இதழின் உரிமையாளர். இதழின் பெயர் யாருடைய சொத்து என்று கேட்டால், சில இதழ்களுக்கு அது ஓர் அறிவியல் சங்கம் அல்லது அறக்கட்டளை, வேறு சில இதழ்களுக்குப் பதிப்பகமே உரிமையாளர். இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் மற்ற எல்லாமே தீர்மானமாகிறது.

ஊரில் பேர்போன ஒரு பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடை இயங்கும் கட்டடம் வாடகை. பெயரும் மாஸ்டரும் கடைக்காரருடையவர்கள் என்றால், வாடகை கட்டுப்படியாகவில்லை என்ற அன்று பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். வாடிக்கையாளர்கள் நான்கு நாள் தேடுவார்கள், அப்புறம் பழகிவிடும். ஆனால் கடைப் பெயரும் கட்டடக்காரருடையது என்றால்? மாஸ்டர் வெளியேறலாம், பலகை அங்கேயே தொங்கும். அவர் வேறு பெயரில்தான் கடை போட வேண்டும். ஆய்விதழ்களில் இந்த இரண்டு விதமும் நடந்திருக்கின்றன.

முதல் விதத்துக்கு 'கம்போசிட்டியோ மேத்தமேட்டிக்கா' நல்ல உதாரணம். இதைத் தொடங்கியவர் நெதர்லாந்துக் கணிதவியலாளர் பிரௌவர். அன்றைக்குக் கணித உலகின் பெரிய இதழாக இருந்த 'மதமேட்டிஷ அன்னாலன்' ஆசிரியர் குழுவிலிருந்து 1928-ல் ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் அவரை நீக்கினார். அந்தக் காயத்திலிருந்து 1930-களின் நடுவில் பிறந்தது இந்தப் புதிய இதழ். பின்னாளில் இதழின் உரிமை ஓர் அறக்கட்டளையின் கையில் இருந்தது. பதிப்பித்து விற்கும் வேலையை மட்டும் ஒரு வணிகப் பதிப்பகம் செய்துவந்தது. 2003 வரை அது குளூவர். 2004 முதல் அறக்கட்டளை இதழை லண்டன் கணிதச் சங்கத்திடம் கொண்டுபோனது.

அப்போது என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதை எண்களை வைத்தே பார்க்கலாம். 2003-ல் 139-ஆம் தொகுதியோடு குளூவர் காலம் முடிந்தது. 2004-ல் 140-ஆம் தொகுதி வந்தது. எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. இதழுக்கு உலக அளவில் தரப்படும் ஐஎஸ்எஸ்என் எண் 0010-437எக்ஸ். அதுவும் அப்படியே இருந்தது. இந்த எட்டு இலக்கம் இதழின் பெயரோடு ஒட்டியது. பெயர் குறிப்பிடத்தக்க அளவு மாறினால்தான் எண் மாறும், பதிப்பகம் மாறினால் மாறாது.

கட்டுரைகளின் டிஓஐ எண் இன்னும் சுவாரஸ்யமானது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு நிரந்தர முகவரி தர வேண்டும் என்று உருவானது இந்த எண். '10.' என்று தொடங்கும், பின்னால் நான்கு அல்லது ஐந்து இலக்கம் வரும், பிறகு ஒரு சாய்கோடு, அதற்குப் பின் கட்டுரையின் சொந்த அடையாளம். முன்பகுதி அந்த எண்ணை முதலில் பதிவு செய்த பதிப்பகத்தைக் குறிக்கும். குளூவர் காலத்துக் கம்போசிட்டியோ கட்டுரைகளுக்கு 10.1023 என்று தொடங்கும் எண்கள். 2004-க்குப் பிறகு வந்தவை 10.1112 என்று தொடங்கி, சாய்கோட்டுக்கு அப்புறம் அந்த ஐஎஸ்எஸ்என் எண்ணையும் சேர்த்துக்கொண்டு போகின்றன. பழைய எண்ணை இன்று சொடுக்கினாலும் குளூவரின் பழைய தளத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்காது. இதழ் இப்போது இருக்கும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் தளத்தில் கட்டுரை திறக்கும்.

நம் கைபேசி எண் மாதிரிதான் இது. 9443 என்று தொடங்கினால் முதலில் பிஎஸ்என்எல்லில் வாங்கிய எண் என்று தெரிந்துகொள்ளலாம். எண்ணுக்குரியவர் அதை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம், நாம் கூப்பிட்டால் மணி அவர் வீட்டில்தான் அடிக்கும். டிஓஐ எண்ணும் அப்படியே. எண்ணைத் திருத்துவதில்லை. அந்த எண் எந்த இணைய முகவரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற பதிவை மட்டும் மாற்றுகிறார்கள். கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு அந்தப் பதிவேட்டை நடத்துகிறது. இதழ் கைமாறும்போது பழைய பதிப்பகத்திடமிருந்து புதிய பதிப்பகத்துக்கு அந்த எண்களின் பொறுப்பையும் அது மாற்றிக் கொடுக்கிறது.

அந்தக் கணித மாணவரின் பிரச்சினையும் இங்கேதான் தீர்ந்தது. அவர் எழுதி வைத்திருந்தது பழைய பதிப்பகத் தளத்தின் முகவரி. கட்டுரையின் முதல் பக்க நகல் அவரிடமே இருந்தது, அடியில் பொடி எழுத்தில் டிஓஐ எண் இருந்தது. அதை அடித்ததும் புதிய தளத்தில் கட்டுரை வந்து நின்றது. நோட்டில் அந்த நீள முகவரியைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் டிஓஐ எண்ணை எழுதிக்கொண்டார்.

இப்படி நல்லபடியாக நடக்கும் மாற்றத்துக்குப் பின்னால் நிறைய வேலை இருக்கிறது. பல தசாப்தக் கட்டுரைகளின் கோப்புகளைப் பழைய பதிப்பகம் ஒப்படைக்க வேண்டும். எந்தெந்த நூலகம் எந்த ஆண்டு வரை சந்தா கட்டியிருக்கிறது என்ற பட்டியல் போய்ச் சேர வேண்டும். இதழுக்குச் சொந்தமாக இணைய முகவரி இருந்தால் அதன் பதிவையும் மாற்ற வேண்டும். அதைப் புதுப்பிக்க மறந்தால் கண்டவர்களும் வாங்கி, அதே பெயரில் போலி இதழ் நடத்திப் பணம் பிடுங்குவார்கள். இந்த மோசடி நிஜமாகவே நடக்கிறது. பாதி வழியில் இருக்கும் கட்டுரைகள் இன்னொரு தலைவலி. மதிப்பீட்டுக்குப் போய்த் திரும்பாதவை, திருத்தம் கேட்கப்பட்டவை, ஏற்கப்பட்டு அச்சுக்குக் காத்திருப்பவை என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். வழக்கமாக ஒரு நாளைக் குறித்து, அதற்குப் பின் வரும் கட்டுரைகளைப் புதிய மென்பொருளில் வாங்குவார்கள். அதற்கு முன் வந்தவற்றைப் பழையதிலேயே முடித்துக் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த 'டிரான்ஸ்ஃபர்' என்ற பெயரில் ஒரு நடைமுறைக் கையேடு இருக்கிறது. பிரிட்டனில் நூலகர்களும் பதிப்பகத்தாரும் சேர்ந்து தொடங்கியது, பிற்பாடு அமெரிக்காவின் நைசோ என்ற தரநிர்ணய அமைப்பு அதை ஏற்று நடத்துகிறது. பெரிய பதிப்பகங்கள் பலவும் பின்பற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை, சம்மதத்தின் பேரில் நடப்பதுதான். இந்தக் கையேடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. போட்டி நிறுவனங்கள் இரண்டு சேர்ந்து, முகம் தெரியாத ஒரு வாசகர் அடுத்த மாதமும் கட்டுரையைத் திறந்து படிக்க வேண்டும் என்பதற்காக என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது.

சரி, இரண்டாவது விதத்துக்கு வருவோம். பலகை கட்டடக்காரருடையது என்றால் என்ன ஆகும்?

'லிங்குவா' என்று மொழியியல் இதழ் ஒன்று. 1949-ல் தொடங்கியது, பெயர் எல்சவியர் பதிப்பகத்தின் சொத்து. 2015-ல் இதன் தலைமை ஆசிரியர் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஹான் ரூரிக். அவரும் சக ஆசிரியர்களும் பதிப்பகத்திடம் சில கோரிக்கைகள் வைத்தார்கள். இதழை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவிட வேண்டும், கட்டுரை ஒன்றுக்கு வாங்கும் கட்டணம் 400 யூரோவைத் தாண்டக் கூடாது, இதழின் பெயர் ஆசிரியர்களுக்கு உரியதாக வேண்டும். அந்தக் கட்டணத்தில் இதழை நடத்தக் கட்டுப்படியாகாது, பெயரையும் தர முடியாது என்று பதிப்பகம் மறுத்தது. ஆறு ஆசிரியர்களும் ஆசிரியர் குழுவின் 31 உறுப்பினர்களும் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். 2016-ல் 'குளோசா' என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள்.

லிங்குவா மூடப்படவில்லை. புதிய ஆசிரியர்களைப் போட்டுப் பதிப்பகம் தொடர்ந்து நடத்தியது. ஆக ஒரே வம்சத்தில் இரண்டு இதழ்கள். பெயரும், ஐஎஸ்எஸ்என் எண்ணும், 1949 முதலான பழைய கட்டுரைகளும் ஒரு பக்கம். அந்தப் பெயருக்கு மதிப்புச் சேர்த்துக் கொடுத்த ஆட்கள் மறுபக்கம். புதிதாக வரும் ஒரு மாணவர் தரவுத்தளத்தில் தேடினால், 2015-க்கு முந்திய லிங்குவாவையும் பிந்திய லிங்குவாவையும் பிரித்துக்காட்டும் கோடு எதுவும் அங்கே தெரியாது. அந்தத் துறைக்காரர்கள் வாய்ச்சொல்லாகச் சொன்னால்தான் உண்டு. எனக்கு இதில் உறுத்துவது இந்த இடம்தான்.

மூளைப் படமெடுப்பு ஆய்வில் முன்னணியில் இருந்த 'நியூரோஇமேஜ்' இதழிலும் 2023 ஏப்ரலில் இதே கதை நடந்தது. 2020 முதல் அது முழுக்கத் திறந்த இதழ், அதாவது படிப்பவர் காசு கொடுக்க வேண்டாம், வெளியிடுபவர் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டணம் 3,450 டாலர். அன்றைய மதிப்பில் இரண்டே முக்கால் லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. நம் ஊரில் ஓர் ஆய்வு மாணவருக்குப் பல மாதங்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகை அது. கட்டணத்தைக் குறைக்கக் கேட்டார்கள் ஆசிரியர்கள். இதே தரத்தில் உள்ள மற்ற இதழ்களை ஒப்பிட்டால் தங்கள் கட்டணம் சந்தை விலைக்குக் கீழேதான் இருக்கிறது என்பது எல்சவியரின் பதில். தலைமை ஆசிரியரான ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஸ்டீபன் ஸ்மித் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே நாளில் விலகினார்கள். எம்ஐடி பதிப்பகத்தோடு சேர்ந்து 'இமேஜிங் நியூரோசயின்ஸ்' தொடங்கினார்கள். அதன் தொடக்கக் கட்டணம் 1,600 டாலர், வசதி குறைந்த நாட்டு ஆய்வாளர்களுக்கு விலக்கும் உண்டு. பழைய பெயரில் இதழ் இன்னும் வருகிறது.

இவை புதிய வழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் மையம் கொண்டிருந்த 'டோபாலஜி' கணித இதழின் ஆசிரியர் குழு 2006-ல் இதேபோல் விலகியது. 2008-ல் 'ஜர்னல் ஆஃப் டோபாலஜி' வந்தது. பழைய டோபாலஜி 2009-ல் நின்றுபோனது.

புதிய பெயரில் தொடங்குவதற்கு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் இளைஞர்கள்தான் கொடுக்கிறார்கள். 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்ற மதிப்பெண், முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துக் கணக்கிடப்படுவது. நேற்றுப் பிறந்த இதழுக்கு அது இருக்காது. ஆய்விதழ்களைத் தேர்ந்து தொகுக்கும் ஸ்கோப்பஸ் போன்ற பட்டியல்களில் பெயர் ஏறவும் காலமாகும். பேராசிரியர் ஒருவர் புதிய இதழில் எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரிடம் "இந்த இதழ் பட்டியலில் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெயர் மாறாமல் பதிப்பகம் மட்டும் மாறும்போது இந்தச் சிக்கல் இல்லை. மேற்கோள் கணக்கு தொடர்ந்து அதே கணக்கில் போகும்.

இந்தியாவுக்கு வந்தால், பெயரைக் கையில் வைத்துக்கொண்டதன் அருமை தெரியும். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன் 1934-ல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமியை (இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ்) நிறுவினார், அதே ஆண்டு அதன் ஆய்விதழும் வெளிவரத் தொடங்கியது. பிறகு அது துறைவாரியாகப் பிரிந்து 'பிரமாணா', 'சாதனா' போன்ற இதழ்களாக வளர்ந்தது. 2007 முதல் அகாதமியின் இதழ்களை ஸ்பிரிங்கர் பதிப்பகமும் இணைந்து வெளியிட்டு உலக நூலகங்களுக்குக் கொண்டுபோனது. அகாதமி உரிமையை விடவில்லை. பழைய கட்டுரைகளைத் தன் சொந்தத் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்தும் இருக்கிறது.

இன்னொன்று, இங்கே இப்போது படிப்பவர்களை நேராகத் தொடுவது. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறையில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒப்பந்தம் பதிப்பகங்களோடு. பட்டியலில் இருக்கும் ஒரு பதிப்பகத்தை விட்டு, பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு ஓர் இதழ் போனால், அதன் புதிய தொகுதிகள் நமக்குத் திறக்காமல் போகலாம். மாணவர் செய்த தவறு எதுவும் அதில் இல்லை, நூலகர் செய்த தவறும் இல்லை. அதனால்தான் ஆண்டு முடிவில் எந்த இதழ் எங்கே போகிறது என்று பார்ப்பது எங்களுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. ஒருமுறை அதைக் கவனிக்கத் தவறி, மூன்று வாரம் ஓர் இதழ் திறக்காமலே கிடந்தது. பணம் கட்டியிருந்தோம், புதிய பதிப்பகத்தின் பட்டியலில் எங்கள் நிறுவனத்தின் பெயர் மட்டும் போய்ச் சேரவில்லை. பழைய ரசீதைத் தேடி எடுத்து அனுப்பிய பிறகே சரியானது. அன்றிலிருந்து சந்தா ரசீதுகளைத் தனிக் கோப்பில் வைக்கிறேன்.

நீங்கள் கட்டுரை அனுப்பியிருக்கும் இதழ் மாறப்போகிறது என்று கேள்விப்பட்டால் பதற வேண்டாம். மாறுவது பதிப்பகம் மட்டுமா, அல்லது ஆசிரியர் குழு விலகுகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பதிப்பகம் மட்டும் என்றால், உங்கள் கட்டுரை பழைய மென்பொருளில் முடியுமா, புதியதில் மறுபடி ஏற்ற வேண்டுமா என்று ஆசிரியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடலாம். பழைய மென்பொருளில் இருக்கும் மதிப்பீட்டாளர் குறிப்புகளையும் ஏற்புக் கடிதத்தையும் உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளம் மூடிய பிறகு அவற்றைத் திரும்பப் பெறுவது கஷ்டம். ஆசிரியர் குழுவே விலகுகிறது என்றால், கட்டுரையை எங்கே தொடர்வது என்பது உங்கள் முடிவு. வழிகாட்டியோடு உட்கார்ந்து பேசுங்கள். வேறு இதழுக்கு அனுப்புவதாக இருந்தால், பழைய இடத்தில் எழுத்துமூலம் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகே அனுப்புங்கள். ஒரே கட்டுரை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பது ஆய்வு உலகில் பெரிய குற்றமாகப் பார்க்கப்படும்.

மேற்கோள் எழுதும்போது பதிப்பகத்தின் பெயரை நினைத்துக் குழம்ப வேண்டாம். இதழின் பெயர், கட்டுரை வந்த ஆண்டு, தொகுதி, பக்கம், டிஓஐ எண் போதும். கட்டுரை வந்த நாளில் இதழுக்கு என்ன பெயர் இருந்ததோ அதையே எழுதுங்கள். 2014-ல் லிங்குவாவில் வந்த கட்டுரை லிங்குவா கட்டுரைதான். அதை ஏற்றுக்கொண்ட ஆசிரியர்கள் இன்று குளோசாவில் இருக்கலாம்.